மலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: சாவிக்கொத்து டார்ச்சைப் பழகும் முறை

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி மலைக்கு ஏற போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றிலும் விடியும் முன்பே ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும். ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர்கள்தான் கூட்டத்தில் பாதிக்கு மேல். அவர்களோடு பள்ளிக்கூட வாத்தியார், ஆஸ்பத்திரி நர்ஸ், எஸ்டேட் ஆபீஸ் கணக்கர் என்று மாற்றலாகி வந்தவர்களும் உண்டு. கம்பத்தில் கிளம்பும்போது தெளிவாக இருந்த வானம் மெட்டு தாண்டியதும் மூடிக்கொள்ளும். ஜீப் இறக்கிவிட்ட இடத்திலிருந்து வேலை செய்யும் இடத்துக்கு மண் ரோட்டில் நடக்க வேண்டும். தெருவிளக்கு இருக்காது. சாயங்காலம் திரும்பும்போதும் இதே கதைதான். மழை மாதங்களில் ஆறு மணிக்கே இருட்டிவிடும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாருமே, "போனில்தான் லைட் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, நல்ல லைட்தான். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையில் தென்மேற்கு மழை. போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பைக்குள் வைத்திருப்பீர்கள். கை நனைந்திருந்தால் திரை தொடுதலுக்கு மசியாது. வழுக்கும் பாதையில் போனைப் பிடித்துக்கொண்டு நடந்தால் விழும்போது போனைக் காப்பாற்றத்தான் மனசு போகும், கையை ஊன்றத் தோன்றாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே மழை வலுத்தால் கரண்ட்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, மூடியபோது, கரண்ட் இல்லை, போன் தொடர்பும் இல்லை. 70 பேரை இழந்த செய்தி வெளியே தெரியவே மறுநாள் ஆயிற்று. அந்த மாதிரி ராத்திரியில் போனில் மிச்சமிருக்கும் சார்ஜ் ஒரு அழைப்புக்கு வேண்டும். அதை வெளிச்சத்துக்குச் செலவழிக்கக் கூடாது.

சாவிக்கொத்தில் தொங்கும் விரல் நீள டார்ச்சுக்குப் பெரிய சக்தி கிடையாது. அது எப்போதும் உங்கள் மேல் இருக்கும், அதுதான் அதன் பலம். வீட்டில் ஆணியில் மாட்டியிருக்கும் மூணு கட்டை பேட்டரி லைட் எவ்வளவு தூரம் அடித்தாலும் வழியில் இருட்டியவருக்கு அதனால் பயன் இல்லை.

வாங்கும்போது

மூன்று வகை கிடைக்கும். பஸ் ஸ்டாண்ட் கடைகளில் 50, 100 ரூபாய்க்குத் தொங்குபவை பெரும்பாலும் வட்டக்காசு செல் போட்டவை. பூட்டுத் துவாரம் பார்க்கலாம், அவ்வளவுதான், நடக்கப் போதாது. இரண்டாவது, சின்னப் பென்சில் செல், அதாவது ட்ரிபிள் ஏ செல் ஒன்று போடுவது. மூன்றாவது, உள்ளேயே பேட்டரி வைத்து, போன் கேபிளால் சார்ஜ் செய்வது.

லயத்தில் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு நான் பென்சில் செல் வகையையே சொல்வேன். மூன்று நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் எந்தப் பெட்டிக்கடையிலும் செல் கிடைக்கும், மாற்றிப் போட்டால் எரியும். தினமும் வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு, சார்ஜ் வகை வசதி. ஆனால் சாவிக்கொத்து அளவில் வரும் பல சார்ஜ் டார்ச்சுகளுக்குள் இருப்பது 130 மில்லிஆம்பியர் மணி (எம்ஏஎச்) அளவுள்ள குட்டி பேட்டரி. உங்கள் போனில் 5000 இருக்கலாம். வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் அதை எப்படிச் சிக்கனமாக எரிக்க வேண்டும் என்பது தானாகப் புரியும்.

அட்டையில் போட்டிருக்கும் லூமன் எண்ணை, அதாவது வெளிச்சத்தின் அளவைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரு மெழுகுவர்த்தி தோராயமாக 12 லூமன். அறைக்குள் செருப்பு தேட, மாத்திரை அட்டையைப் படிக்க 1 முதல் 5 லூமன் போதும். பாதையில் நடக்க 20 முதல் 40. நூறுக்கு மேல் இருப்பது "அங்கே என்ன சத்தம்" என்று சில நொடி எட்டிப் பார்க்க மட்டும். நம் கண் வெளிச்சத்தை நேர்க்கணக்கில் உணர்வதில்லை. லூமன் இரண்டு மடங்கானால் கண்ணுக்குக் கொஞ்சம் கூடின மாதிரிதான் தெரியும், பேட்டரியோ பாதி நேரத்தில் தீரும். பெயர் தெரியாத கம்பெனியின் விரலளவு டார்ச்சில் 5000 லூமன் என்று அச்சிட்டிருந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். அந்தச் சின்ன உலோகத்தால் அவ்வளவு சூட்டைத் தாங்க முடியாது.

ஏஎன்எஸ்ஐ எஃப்எல் 1 என்ற அளவீட்டு முறைப்படி எண்களைப் போடும் கம்பெனிகளை நம்பலாம். ஆனாலும் அந்த எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். "இத்தனை மணி நேரம் எரியும்" என்றால், தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்குமான நேரம் அது. கடைசியில் மினுக்கிக்கொண்டிருப்பதும் கணக்கில் சேர்ந்துவிடும். "40 மீட்டர் தூரம்" என்றால், அந்த 40 மீட்டரில் விழுவது முழுநிலா வெளிச்சம் அளவுதான். அங்கே நிற்பது மாடா, புதரா என்று தெரியாது. எழுதியிருப்பதில் மூன்றில் ஒரு பங்கை உங்கள் பார்வைத் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு ஐபிஎக்ஸ் எண்ணைப் பாருங்கள். 4 என்றால் சாரல், தெறிப்பு தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் போகாது. இடுக்கிப் பக்கம் வேலை என்றால் 7 அல்லது 8 வாங்குங்கள். எந்த எண்ணும் போடாதது மழைக்கு ஆகாது.

இன்னும் ஒன்று, கடையிலேயே அமுக்கிப் பாருங்கள்: முதல் அமுக்கலில் மெல்லிய வெளிச்சம் வருகிறதா, முழு வெளிச்சம் வருகிறதா? மெல்லியதில் தொடங்குவதே நல்லது. ராத்திரி கண் விழித்தவுடன் முகத்தில் நூறு லூமன் அடித்தால் அடுத்த சில நிமிடம் ஒன்றுமே தெரியாது. மின்னல் மாதிரி வெட்டும் பயன்முறைகளைக் கடந்துதான் சாதாரண வெளிச்சத்துக்கு வர முடியும் என்றால் அந்த டார்ச் வேண்டாம்.

மாட்டுவதும் பூட்டுவதும்

சாவி வளையத்தில் நேராகக் கோர்த்துவிட்டால், வண்டிச் சாவி போட்டிருக்கும்போது டார்ச்சைக் கழற்ற முடியாது. நடுவில் ஒரு சின்னக் கொக்கி போட்டு, ஒரு கையால் கழற்றும்படி வையுங்கள். காய் எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டியிருப்பார்கள். அவர்களுக்குச் சட்டையின் மேல்பையில் கிளிப் போட்டு மாட்டுவது வசதி. கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடுவது நிறையப் பேர் செய்வது. அதில் ஒரு எச்சரிக்கை: காயை உலர்த்தும் ஏலக்காய் ஸ்டோரில் டிரையர் விசிறி, மோட்டார் பெல்ட் பக்கம் போகும்போது கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. கயிறுதான் வேண்டும் என்றால் இழுத்தால் பிரிந்துவிடும் கொக்கி உள்ளதாக வாங்குங்கள்.

பைக்குள் தானாக அமுங்கி எரிந்து தீர்வது சாவிக்கொத்து டார்ச்சின் பெரிய குறை. பென்சில் செல் வகையில் தலைப்பகுதியையோ வாலையோ கால் திருகு தளர்த்திவிட்டால் தொடர்பு அறுந்துவிடும், எத்தனை அமுக்கினாலும் எரியாது. சார்ஜ் வகையில் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தாலோ, அடுத்தடுத்து சில முறை அமுக்கினாலோ பூட்டிக்கொள்ளும். எந்த முறை என்பது டார்ச்சோடு வரும் தாளில் இருக்கும். பகலில் பூட்டி வைப்பதையும், ஜீப் விட்டு இறங்கும் முன் திறப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் ராத்திரி வீட்டிலேயே

தோட்டத்து இருட்டில் முதன்முதலாக எடுத்துப் பார்க்காதீர்கள். வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு உட்காருங்கள். கண்ணால் பார்க்காமல் விரலால் மட்டும் தடவி எது தலை, எது வால், பட்டன் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். குறைந்த வெளிச்சம், நடு வெளிச்சம், முழு வெளிச்சம் மூன்றையும் வரிசை தப்பாமல் கொண்டுவரப் பழகுங்கள். ஈரக் கையால் ஒருமுறை, இடது கையால் ஒருமுறை. வலது கையில் குடையோ தூக்குச்சட்டியோ இருக்கும் என்பதால் இடது கைப் பழக்கம் அவசியம்.

அப்புறம் கண்ணைப் பற்றி ஒரு விஷயம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதைக் கெடுக்க ஒரு நொடி போதும். ஜீப்பில் வரும்போது போன் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் இறங்கியதும் குருடாக நிற்பார். பாதையில் எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் நடக்கிறோமோ அவ்வளவு சுற்றுப்புறம் கண்ணுக்குத் தெரியும். முழு வெளிச்சம் வைத்தால் முன்னால் ஒரு வட்டம் மட்டும் பளிச்சென்று தெரியும், அதற்கு வெளியே சுவர் கட்டின மாதிரி இருட்டு. புதியவர்கள் பயத்தில் வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். கூட்டக் கூட்டப் பக்கவாட்டில் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் போய்ப் பயமும் கூடும். நடு வெளிச்சத்தில் வைத்துச் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

பாதையில்

டார்ச்சை முகத்துக்கு நேராகப் பிடித்து நடக்காதீர்கள். தொடைக்குப் பக்கத்தில் தாழ்த்திப் பிடித்து, இரண்டு மூன்று அடி முன்னால் தரையில் சரிவாக விழும்படி அடியுங்கள். மேலிருந்து அடித்தால் கல், வேர், குழி எல்லாம் தட்டையாகத் தெரியும். தாழ்வாக அடித்தால் ஒவ்வொன்றுக்கும் நீளமாக நிழல் விழும், கால் வைக்கும் முன்பே மேடு பள்ளம் தெரிந்துவிடும். வீட்டில் தோட்டுத் திருகு விழுந்தாலும் இதே வித்தைதான்: டார்ச்சைத் தரையில் படுக்க வைத்து மெல்ல உருட்டுங்கள், கடுகளவு பொருளும் நிழலோடு எழுந்து நிற்கும்.

மூடுபனியில் இது இன்னும் முக்கியம். கண் உயரத்தில் பிடித்தால் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். வெள்ளைத் திரை தவிர ஒன்றும் தெரியாது. மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். பனித்துளி எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறடிப்பதால் நிறத்தால் பெரிய லாபம் இல்லை. முழங்கால் அளவுக்குத் தாழ்த்துவதும் வெளிச்சத்தைக் குறைப்பதும்தான் பலன் தரும். ஜீப்பின் பனி விளக்கைப் பம்பருக்குக் கீழே வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

பாம்பைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். பூனை, நாய், காட்டுமாடு, கடமான் இவற்றின் கண்கள் டார்ச் பட்டால் மின்னும். பாம்பின் கண் அப்படி மின்னாது. "கண் பளபளத்தால் தெரிந்துவிடும்" என்று நம்பி நடக்காதீர்கள். உடம்பைத்தான் தேட வேண்டும். இலைக்குவியல், கல்லிடுக்கு, ஓடை ஓரம் வரும்போது நின்று, வெளிச்சத்தைக் கூட்டி, இடமிருந்து வலமாக ஒருமுறை மெல்ல ஓட்டிப் பார்த்துவிட்டுக் கால் வையுங்கள். ஏலத்தோட்டத்தில் தரையை மட்டும் பார்த்தால் போதாது. குழிவிரியன் வகைகள் ஏலத் தட்டையிலும் இலைக் காம்பிலும் இடுப்பு உயரத்தில் அசையாமல் சுருண்டிருக்கும், பச்சை நிறத்தில் இலையோடு இலையாக. விடிந்தும் விடியாத நேரத்தில் செடியை விலக்கக் கையை நீட்டும் முன் அந்த இடத்தில் வெளிச்சத்தை ஒருமுறை காட்டுங்கள். லயத்தில் தூங்குகிறவர்கள் ராத்திரி காலைக் கீழே வைக்கும் முன் தரையையும், செருப்புக்குள்ளேயும் பார்க்க வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், அது கடித்தது வலிக்காமலேயே போகலாம்.

கடித்துவிட்டால் அறுப்பது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கொலுசு, மெட்டி, மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் அதே எண்தான். பாம்பைத் தேடி டார்ச்சோடு புதருக்குள் போகாதீர்கள்.

அட்டைப் பூச்சிக்கு டார்ச்சின் உதவி நின்று பார்க்கும்போதுதான். நடந்து முடித்ததும் ஓரிடத்தில் நின்று கணுக்கால், விரல் இடுக்கு, முழங்காலின் பின்புறம் மூன்றையும் பாருங்கள். பசியோடு இருக்கும் அட்டை நூல் மாதிரி மெல்லிசாக இருக்கும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடித்தால் அதன் ஈரம் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும்.

யானை

சின்னக்கானல், சாந்தன்பாறைப் பக்கம் வேலை என்றால் யானையைப் பற்றி ஏற்கனவே கேட்டிருப்பீர்கள். தோட்டத்தோடு நின்றுவிடும் என்றும் இல்லை: சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் என்ற யானை, மே மாதக் கடைசியில் கம்பம் நகரத் தெருக்களிலேயே நடந்து வந்தது.

சாவிக்கொத்து டார்ச் யானைக்கு எதிரான பாதுகாப்பு ஆகாது. பனியில் அதன் வெளிச்சம் பத்து மீட்டர் கூடப் போகாது, யானை அந்தப் பத்து மீட்டரைக் கடக்க ஒன்றிரண்டு நொடிதான் எடுக்கும். கிளை ஒடியும் சத்தம், சாணி வாடை, காது அசைவது மாதிரி சத்தம் வந்தால் முன்னால் போகாமல் வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். யானை கண்ணில் பட்டுவிட்டால் அதன் முகத்தில் அடிக்காதீர்கள், வெட்டி வெட்டி மின்னவிட்டுச் சீண்டாதீர்கள். வெளிச்சத்தைத் தரையில், உங்கள் காலடியில் மட்டும் வைத்துப் பின்வாங்குங்கள். வால்பாறையில் யானை அருகில் இருக்கிறது என்று எச்சரிக்க, போனால் இயக்கும் சிவப்பு விளக்குகளை முக்கியமான இடங்களில் வைத்திருக்கிறார்கள், குறுஞ்செய்தியும் வரும். உங்கள் தோட்டத்துப் பக்கம் வாட்ஸ்அப் குழு ஏதாவது இருக்கிறதா என்று வந்த முதல் நாளே விசாரித்துச் சேர்ந்துவிடுங்கள். இருட்டில் எதிரே நிற்கிற யானையை டார்ச்சால் கண்டுபிடிப்பதைவிட, யானை நிற்கும் பாதைக்கே போகாமல் இருப்பது நூறு மடங்கு மேல்.

காப்புக்காட்டுக்குள் ராத்திரி டார்ச்சோடு போவதும் வேண்டாம். அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். கையில் வெளிச்சமும் இருந்தால் வேட்டைக்கு வந்தவர் என்றுதான் வனத்துறை நினைக்கும்.

வண்டி ரோட்டில்

போடிமெட்டு ரோடு கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85. வளைவுகளில் லாரி, பஸ், ஜீப் எல்லாம் இறங்கும். நடந்து போகிறவர்கள் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடந்து, டார்ச்சை உங்கள் காலிலோ தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டிலோ அடித்துக்கொள்ளுங்கள். டிரைவருக்கு ஆள் இருப்பது தெரியும், கண்ணும் கூசாது. அவர் முகத்தை நோக்கி அடித்தால் வளைவில் அவருக்கு ரோடே மறையும்.

ஜீப்புக்குள்ளும் அப்படித்தான். ஆள் ஏறுகிறார்களா என்று பார்க்கப் புதிதாக வந்த பையன் டார்ச்சைத் தூக்கினால், உள்ளே இருக்கும் அக்காமார் உடனே சொல்லிவிடுவார்கள்: "தம்பி, மூஞ்சில அடிக்காத, தரையப் பாத்து அடி." அந்த ஒரு வார்த்தையிலேயே டார்ச் பிடிக்கும் மரியாதை முழுதும் அடங்கிவிட்டது.

டயர் பஞ்சராகி நின்றால், விட்டு விட்டு எரியும் முறையில் வைத்து வண்டிக்குப் பின்னால் தள்ளி ஒரு கல்லின் மேல் வையுங்கள். வண்டியில் இருக்கும் எச்சரிக்கை முக்கோணத்துக்கு இது துணைதான், மாற்று ஆகாது.

கரண்ட் போன வீட்டில்

டார்ச்சை நிமிர்த்தி வைத்து, வெள்ளைக் கூரையிலோ சுவரிலோ அடியுங்கள். திரும்பி வரும் வெளிச்சம் அறை முழுக்கப் பரவும், கண்ணும் கூசாது. லயத்தில் கூரை கறுத்திருந்தால், தண்ணீர் நிரம்பிய வெள்ளைப் பாட்டிலுக்கு அடியில் வைத்தோ, பால் கவரைக் கழுவி டார்ச்சின் தலையில் சுற்றியோ பாருங்கள். சாப்பிட, பிள்ளைகள் பாடம் படிக்கக் கொஞ்ச நேரத்துக்குப் போதும். முழு வெளிச்சத்தில் வைத்துக் கவரால் சுற்றாதீர்கள், தலை சுடும். முழு வெளிச்சத்தில் ஒன்றிரண்டு நிமிடத்தில் அது தானாகக் குறைவதும் சூட்டினால்தான், பழுது அல்ல.

ஃபியூஸ் கட்டையைப் போட வேண்டுமானால் மெயினை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தொப்பி விளிம்பில் கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள். வாயில் கடித்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். சார்ஜ் வகையில் உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி.

கேஸ் வாடை வந்தால் அந்த அறையில் டார்ச் உட்பட எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். சாதாரண டார்ச் பட்டனிலும் பொறி வரலாம். கதவு ஜன்னலைத் திறந்து, தடவியே ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடுங்கள்.

ஏலக்காய் ஸ்டோரில் டிரையருக்குக் காவல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சூட்டுமானியைப் படிக்க, மூட்டைகளுக்கு நடுவே நடக்க டார்ச் போதும். காயின் நிறத்தை அதில் வைத்து முடிவு செய்யாதீர்கள். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் பச்சை நிறம் உள்ளபடி தெரியாது. போடியிலும் புற்றடியிலும் காயை ஏலம் விடும்போது விலை ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பச்சையையும் காயின் பருமனையும் பார்த்துத்தான். பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90 என்று போட்டிருக்கும் டார்ச்சில் ஓரளவு உண்மை நிறம் தெரியும். அப்போதும் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே பிரித்து வையுங்கள்.

புற ஊதா (யுவி) வெளிச்சம் சேர்ந்து வரும் டார்ச்சுகளும் உண்டு. தேள் அதில் பச்சையாக ஒளிரும், விறகு அடுக்கைக் கிளறும் முன் பார்க்கலாம். ரூபாய் நோட்டின் வரிசை எண்ணும் மின்னும். அந்த வெளிச்சத்தை நேராகக் கண்ணால் பார்க்கக் கூடாது, பிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது.

உதவி கேட்க

மலைகளில் உலகம் முழுக்கப் பழகிய முறை ஒன்று இருக்கிறது: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஒளி காட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை. பார்த்தவர் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் காட்டுவார். ஆனால் எதிர் மலையில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டுமே. அதனால் பக்கத்து லயத்தாரோடும் ஸ்டோர் காவல்காரரோடும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி சிக்கனத்துக்கும் இது நல்லது. தொடர்ந்து எரியவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தால் சீக்கிரம் தீரும். சிக்னல் இருந்தால் 112.

சார்ஜும் செல்லும்

சார்ஜ் டார்ச்சை மழையில் நனைத்த அன்றே சொருகாதீர்கள். ரப்பர் மூடியைத் திறந்து ஓட்டையை ஊதி, துணியால் ஒற்றி, உலர்ந்த பிறகு போடுங்கள். இரண்டு முனையும் டைப் சி ஆக இருக்கும் புதுக் கேபிளில் விலை குறைந்த டார்ச்சுகள் பல சார்ஜ் ஏறாது; "கெட்டுப்போச்சு" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. ஒரு முனை பழைய அகல யுஎஸ்பி, மறுமுனை டைப் சி இருக்கும் கேபிளில் போட்டுப் பாருங்கள், ஏறிவிடும்.

மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றுங்கள். அடியோடு தீர்ந்து கிடந்தால் லித்தியம் பேட்டரி செத்துப்போகும். தினம் பயன்படுத்துகிறவர்கள் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் ராத்திரி போனோடு சேர்த்துச் சொருகிவிடுங்கள். தீர்ந்த பிறகு பார்க்கலாம் என்று இருந்தால், இருட்டிய பிறகுதான் தீரும்.

பென்சில் செல் வகையில் வேறு கவலை. தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டால் கசிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். பூத்துவிட்டால் செல்லை எடுத்துவிட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்த்தினால் பெரும்பாலும் மறுபடி எரியும். கையில் பட்டால் கழுவிக்கொள்ளுங்கள். தினமும் எரிப்பவர்களுக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் லாபம், அது கசிவதும் அபூர்வம். ஆனால் அதே அளவில் 10440 என்ற லித்தியம் செல்லும் விற்கிறது. அது 3.7 வோல்ட். 1.5 வோல்ட்டுக்கென்று செய்த டார்ச்சில் போட்டால் எரிந்துபோகலாம். தாளில் அனுமதித்திருந்தால் மட்டும் போடுங்கள்.

வட்டக்காசு செல் டார்ச்சைச் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் வைக்கவே வேண்டாம் என்பேன். அந்தச் செல்லைப் பிள்ளை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகத் தொடங்கும். வாந்தி எடுக்க வைக்காமல், விடியட்டும் என்று காத்திருக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தீர்ந்த செல்லையும் ஜன்னல் விளிம்பில் போட்டு வைக்காதீர்கள், அதிலும் கொல்லும் அளவுக்குச் சக்தி மிச்சம் இருக்கும்.

மே மாதக் கடைசியில், முதல் மழைக்கு முன், டார்ச்சைக் கழற்றித் திருகுப் பகுதியில் இருக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள். நன்றாக இருந்தால் துளி சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெயோ வண்டி கிரீஸோ போட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். திருகி மூடி, தண்ணீர் வாளியில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். கண்ணாடிக்கு உள்ளே ஆவி படியவில்லை என்றால் இந்த மழைக்குத் தாங்கும்.